நான் தள்ளிவிட்ட மஞ்சள் சட்டை

1

போன வெள்ளிக்கிழமை மகள் இனியாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பிள்ளைகள் வரைந்தது, ஒட்டியது எல்லாவற்றையும் சுவரில் மாட்டி வைத்து, வருகிற தாய் தகப்பனுக்கு ஒரு கப் காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுப்பார்கள். ஜெர்மனியின் தெற்கே மலையோரத்தில் நாங்கள் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு அதுவே பெரிய விசேஷம். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்டிவிடுவார்கள் என்பதால், கால் மணி நேரம் முன்னாலேயே போய் வாசலில் நின்றேன்.

இனியாவுக்குப் பதினொரு வயது. அவள் வகுப்பில் எல்லோரும் குடும்பத்தை வரைந்திருந்தார்கள். எங்கள் மகள் தாளின் மேலே என் பெயரையும் அவள் அப்பா செந்தில் பெயரையும் எழுதி, கீழே இரண்டு வட்டம் போட்டிருந்தாள். ஒரு வட்டத்தில் இனியா. இன்னொன்றில் வேலவன். வேலவன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

வேலவன் எங்கள் இரண்டாவது பிள்ளை. மூன்று வருடத்துக்கு முன் ஐந்தாம் மாதத்திலேயே வயிற்றில் இறந்துபோனான். அப்படிப் போன பிள்ளைகளை இங்கே நட்சத்திரப் பிள்ளைகள் என்பார்கள். அதைப் பள்ளிக்கூடச் சுவரில் ஊரே பார்க்கும்படி மாட்டி வைத்திருக்கிறாள்! எனக்குக் காப்பி இறங்கவில்லை. டீச்சரம்மா என் கையைப் பிடித்து, "நல்ல மகள் உங்களுக்கு" என்றார். நான் ஈ என்று இளித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பிடித்துக்கொண்டேன். "ஏன்டி, வீட்டு விசயத்தை எல்லாம் கொண்டு போயி அங்க எழுதுவியா?"

அவள் ஜெர்மனில்தான் பதில் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் அந்தப் பாஷையில் பதில் சொல்வாள், சண்டை மட்டும் இரண்டிலும் நடக்கும். "அவனும் நம்ம வீடுதானே" என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, உடைந்த தமிழில் கேட்டாள். "ஊர்ல யாருக்குமே இப்படி ஆனதில்லையாம்மா? யாருமே சொன்னதில்லையே."

"இல்லை" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன் பூங்கொடியிடம் எப்படிச் சொன்னேனோ அதே வேகத்தில், அதே குரலில் வந்தது. நடந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

2

பூங்கொடி யாரென்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் யாரென்றும்.

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஒவ்வொரு துணியையும் விளக்குக்கு நேரே பிடித்து, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்த்து, குறை இருந்தால் தள்ளிவிட வேண்டும். "அமுதாக்கா கண்ணுக்குத் தப்பாது" என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெருமை தலைக்கு ஏறிக் கிடந்த காலம். கல்யாணமாகி மூன்று மாதம். செந்தில் நிட்டிங் மெஷின் பிட்டர். அந்த வேலைதான் பிறகு எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

பூங்கொடி எங்கள் லைனில் ஓவர்லாக் டெய்லர். இருபத்திரண்டு வயது. கொமரலிங்கம் என்கிற ஊர்ப் பெண். சட்டைக்குக் கை ஏற்றுவதில், அதாவது கைத்துணியைச் சட்டையோடு வைத்துத் தைப்பதில், அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் புருஷன் தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவர். அந்த வருடம் எங்களுக்கு வெளிநாட்டுக் குழந்தைச் சட்டை ஆர்டர். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கைக்குழந்தைச் சட்டைக்குக் கை ஏற்றினாள். "உனக்குன்னே ஆர்டர் புடிச்சிருக்கறாங்க பூங்கொடி" என்று எல்லோரும் கேலி செய்வோம். "அட போங்க்கா" என்று வெட்கப்படுவாள். பெண்ணாயிருந்தால் என்ன பெயர் வைப்பது, பையனாயிருந்தால் என்ன பெயர் என்று டீ நேரத்தில் பட்டிமன்றமே நடக்கும்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மெஷினை விட்டு எழுந்தவள், எழுந்தபடியே உட்கார்ந்தாள். "அக்கா, என்னமோ ஆவுதுங்க்கா" என்றாள். சேலை நனைந்திருந்தது. கம்பெனி வேனில் ஏற்றினோம். கீழே விரிக்க ஒன்றும் இல்லை. நான் தள்ளி வைத்திருந்த துணிக் கூடையில் இருந்து இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு ஓடினேன். வேன் பூராவும் அவள் என் கையை விடவில்லை. ரெண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை என்று அப்போதுதான் சொன்னாள். யாரிடமாவது சொன்னால் வேலைக்கு விடமாட்டார்கள் என்று சொல்லவில்லையாம்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். புருஷன் தூத்துக்குடி ரோட்டில். மாமியார் கொமரலிங்கத்திலிருந்து பஸ் ஏறியிருந்தார். வெளியே பெஞ்சில் நான் ஒருத்திதான்.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. ஒரு நர்சம்மா கதவைத் திறந்து, "பூங்கொடி கூட வந்தவங்க யாரு?" என்றார். எழுந்தேன். "துணி கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டார். என் பையில் ஒன்று மீதி இருந்தது. மஞ்சள் நிறம், முழுக்கை வைத்த சட்டை, மிகச் சின்னச் சைஸ். கழுத்தோரம் ஓர் ஊசி ஓட்டை இருந்தது என்று அன்று காலை நான்தான் தள்ளியிருந்தேன். அதை நீட்டினேன். நர்சம்மா வாங்கவில்லை. "உள்ள வந்து போட்டு உடும்மா, எனக்கு அடுத்த கேஸ் இருக்குது" என்று சொல்லி, குரலைத் தணித்து, "பொம்பளப் புள்ள. உசுரு இல்ல" என்றார்.

போட்டுவிட்டேன். தலை நிறைய முடி. புருவம் எழுதினாற்போல. நகம்கூட வந்திருந்தது. ஒரு குறை கிடையாது. அமுதாக்கா கண்ணுக்குத் தப்பாது அல்லவா, பார்த்தேன், ஒரு குறை கிடையாது. பூங்கொடிக்கு இடது காது மடல் மேலே லேசாக மடிந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கும் அப்படியே மடிந்திருந்தது.

3

பூங்கொடியின் மாமியார்க்காரம்மா அவள் கொழுந்தனாருடன் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். துணியை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, அவகிட்ட ஒண்ணும் சொல்லிப்போடாத. பொண்ணு, பையன்னு தெரிஞ்சா ஏங்கிப் போயிருவா. சரியா உருவாகலைன்னு சொல்லிப்போடறோம். மனசு ஆறிரும்."

"சரிங்கம்மா" என்றேன். பெரியவர்கள் சொன்னால் 'சரிங்க' என்பது எங்கள் பக்கத்தில் மூச்சு விடுவது மாதிரி. கொழுந்தனார் அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். ஆத்தோரத்தில் புதைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். பூங்கொடிக்குக் காட்டவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மாமியார் வாசலிலேயே மறித்தார். விசயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "ஏம்மா, புதுசாத் தாலி கட்டுனவ, செத்துப் பொறந்தத எல்லாம் பாத்துப்போட்டு வந்தியா? நாளைக்கு உன்ற வயிறு என்னாகறது?"

"நான் பாக்கலீங்க அத்தை. என்னை உள்ளயே உடல" என்றேன்.

முதல் பொய் அதுதான். பூங்கொடிக்காகச் சொன்ன பொய் இல்லை, எனக்காகச் சொன்னது. அவர் நம்பினார், தலைக்குத் தண்ணி ஊற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பொய்யை மாற்ற முடியவில்லை. ஓர் இடத்தில் பார்த்தேன் என்று சொன்னால் இன்னோர் இடத்துக்கு வந்துவிடும். நெருப்பெரிச்சலில் ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் கேட்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பூங்கொடி கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க பாத்தீங்கள்ல? முழுசா இருந்துச்சுங்களா?"

"இல்ல பூங்கொடி. நான் பாக்கல."

இரண்டு வாரத்தில் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது என்றாள். அவள் மெஷின் பக்கம் போனாலே கமகமவென்று மல்லிகை வாசம். லைன் சூப்பர்வைசர் ஒருத்தன், "என்ன பூங்கொடி, பூ வாசம் ஆளைத் தூக்குது" என்று பல்லைக் காட்டினான். பால் கட்டிக்கொண்டால் நெஞ்சில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள், பால் வற்றிவிடும் என்று. அது அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை. பூங்கொடி தலையைத் தூக்காமல் கை ஏற்றிக்கொண்டே இருந்தாள். ரோஸ் கலரில், நீலத்தில், மஞ்சளில்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் குழந்தைச் சட்டை லைனிலிருந்து ஆம்பளை பனியன் லைனுக்கு மாற்றச் சொல்லி நானே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். பெரிய உபகாரம் செய்ததாக எனக்குள் நினைப்பு. அன்று சாயங்காலம் தண்ணித் தொட்டிப் பக்கம் வந்து நின்றாள். "ஏனுங்க்கா, என்னையக் கேக்காமயே மாத்திப்போட்டீங்களே. எனக்கு அதத் தெக்கறதுதாங்க்கா கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்றாள். போகத் திரும்பியவள், "அக்கா, நெசமாலுமே நீங்க பாக்கலீங்களா?" என்றாள்.

"பாக்கலைன்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தேன். அத்தோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அடுத்த ஆறு வருடமும், நான் ஜெர்மனிக்குக் கிளம்பும் வரைக்கும், ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. கிளம்பும் அன்று வீட்டுக்கு வந்து இனியாவுக்கு அவளே தைத்த கவுன் கொடுத்தாள். அதற்குள் அவளுக்கும் இரண்டு பையன்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் முன்னால் "கை கால் எல்லாம் சரியா இருக்குதுங்களா" என்று ஸ்கேன் எடுக்கிற இடத்தில் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததாகச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். கேட்கிறீர்களா, சிரித்தேன்.

4

இங்கே வந்த புதிதில் எனக்கு வாயே மூடியிருந்தது. இந்தப் பாஷையில் மரியாதைக்கு ஒரு 'நீங்கள்', நெருக்கத்துக்கு ஒரு 'நீ' உண்டு. நம் ஊர்க்காரிக்கு எல்லோரையும் 'ங்க' போட்டே பழக்கமா, பக்கத்து வீட்டு நாயிடம்கூட 'நீங்கள் சாப்பிட்டீர்களா' என்கிற மாதிரி கேட்டுவைக்க, இனியா விழுந்து விழுந்து சிரித்தாள். எதற்கெடுத்தாலும் ஒரு படிவம். குப்பைக்குப் படிவம், வாடகைக்குப் படிவம், நூலகத்துக்குப் படிவம். இதையெல்லாம் எழுதிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத படிவம் ஒன்று பின்னால் வந்தது.

வேலவன் விசயத்தில் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிரசவம் பார்க்க வந்த நர்சம்மா பெயர் பிரிகிட்டே. அறுபது வயது இருக்கும், குட்டை முடி, பெரிய கை. அவசரமே படாத மனுஷி. எல்லாம் முடிந்ததும் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம், வேண்டாம்" என்று கத்தினேன். என் மாமியார் குரல்தான் என் தொண்டையில் இருந்தது. பிரிகிட்டே வற்புறுத்தவில்லை. புத்திமதியும் சொல்லவில்லை. "பக்கத்து அறையில் வைத்திருக்கிறேன். நான் ஆறு மணி வரை இருப்பேன். எப்போது கேட்டாலும் கொண்டுவருவேன். கேட்காவிட்டாலும் தப்பில்லை" என்றார். சொன்னது அவ்வளவுதான்.

நாலு மணி நேரம் கழித்துக் கேட்டேன்.

உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கிவிடுவான். இங்குள்ள பெண்கள் சிலர் இந்தப் பிள்ளைகளுக்கென்றே தைத்துக் கொடுக்கும் சின்ன உறையில் வைத்திருந்தார்கள். என் கை தானாக அதன் ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தது. கோணல் மாணலாக இருந்தது. எங்கள் கம்பெனியில் என்றால் தள்ளியிருப்பேன். அப்போதுதான் அந்த மஞ்சள் சட்டை ஞாபகம் வந்து அலறி அழுதேன். நான் பையனுக்காக அழுகிறேன் என்று செந்தில் நினைத்தார். பாதிதான் அவனுக்காக.

பிரசவமானவளை நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பது இங்கே வழக்கம், பிரிகிட்டே அதற்கப்புறம் ஏழெட்டுத் தடவை வந்தார். பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிரசவ நர்ஸ் எதற்கு என்று முதலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பால் வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னவர் அவர்தான். உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். மல்லிகைப்பூவைப் பற்றிச் சொன்னேன். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த தடவை வரும்போது, ஊர்ப் பூக்கடை எல்லாவற்றிலும் கேட்டேன், இதுதான் கிடைத்தது என்று பூக்காத மல்லிகைச் செடி ஒன்றைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் கண் நிறைகிறது.

ஊரிலிருந்து அம்மா போனில், "போனது போகட்டும் கண்ணு, மறந்துரு. யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத" என்றார். நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பூங்கொடி எப்போதாவது வாட்ஸ்அப்பில் பேசுவாள். அவளிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அந்தப் படிவத்துக்கு வருகிறேன். இப்படி இறந்து பிறந்த சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும், பெற்றவர்கள் விரும்பினால், பிறப்புப் பதிவு அலுவலகத்தில் பெயர் போட்டு ஒரு தாள் தருவார்கள். கட்டாயமில்லை. நானும் செந்திலும் போனோம். அலுவலர் பேனாவை எடுத்துக்கொண்டு, "பெயர்?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெயர் வைக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. நம் பக்கத்தில் யார் வைப்பார்கள்? அலுவலர் பேனாவை மூடி, "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், இதற்குக் கெடு எதுவும் இல்லை" என்றார். எதற்கெடுத்தாலும் கெடு வைக்கிற இந்த நாட்டில்! மறு வாரம் செந்தில் குலசாமியை நினைத்து வேலவன் என்று வைத்தார். தாள் அலமாரியில் இருக்கிறது. இனியா அதை எப்போது எடுத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

5

பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த மறுநாள், சனிக்கிழமை காலைச் சந்தையில் பிரிகிட்டே எதிரே வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். கையில் வெங்காயத்தாள் கட்டு. 'எப்படி இருக்கிறீர்கள்' என்றுதான் கேட்டார். நான் காய்கறிக் கடை ஓரத்தில் நின்று பூங்கொடி கதையை எல்லாம் என் ஓட்டை ஜெர்மனில் கொட்டிவிட்டேன். "அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், நன்றாக இருக்கிறாள், ஆறின புண்ணைக் கிளறலாமா? சொல்லாமலே விட்டுவிடலாம்தானே?" என்று முடித்தேன். 'விட்டுவிடுங்கள்' என்று அவர் வாயால் வந்துவிட்டால் நிம்மதியாக முள்ளங்கி வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. 'பாவம் நீங்கள்' என்றும் சொல்லவில்லை. "ஆறிவிட்டதா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இப்போதும் அவளைக் கேட்காமல் நீங்களேதான் முடிவு செய்கிறீர்கள்" என்றார். "முதலில் கேளுங்கள், தெரிந்துகொள்ள விருப்பமா என்று. வேண்டாம் என்றால் வாயை மூடுங்கள். வேண்டும் என்றால் எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

சுருக்கென்று இருந்தது. என்னையக் கேக்காமயே மாத்திப்போட்டீங்களே என்று தண்ணித் தொட்டிப் பக்கம் நின்று அவளும் இதைத்தான் சொன்னாள்.

6

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை பத்து மணி, அங்கே மத்தியானம். பூங்கொடி இப்போது நெருப்பெரிச்சலிலேயே இன்னொரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஞாயிறு வீட்டில் இருப்பாள். போனை எடுத்ததும் பின்னால் குக்கர் விசில், பையன்கள் சண்டை.

"அக்கா! என்னுங்க்கா அதிசயமா? பாப்பா நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்கா. பூங்கொடி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் வெளிய வர்றியா?"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. முதலில் வேலவனைப் பற்றிச் சொன்னேன். "அய்யோ சாமி" என்றாள். "மூணு வருசமா ஒருத்தரும் சொல்லலியேக்கா. எப்படீங்க்கா தனியாக் கெடந்தீங்க?" அவள் அழுவதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்காக அழுகிறாள். இவளுக்கு நான் என்ன செய்தேன்?

"பூங்கொடி, அன்னிக்கு ஆஸ்பத்திரியில... நான் பாத்தேன். உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ தெரிஞ்சுக்கணும்னா சொல்றேன். வேண்டாம்னா சொல்லு, இத்தோட உட்டர்றேன்."

அங்கே எங்கோ பாடிக்கொண்டிருந்த கோயில் மைக் நின்றது. கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். இல்லை.

"முழுசா இருந்துச்சுங்களா?" என்றாள். பதின்மூன்று வருடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை.

"முழுசா இருந்துச்சு. பொண்ணு. ஒரு குறையும் இல்ல. தலை நெறைய முடி. இடது காது உன்ற காது மாதிரியே மேல மடிஞ்சிருந்துச்சு."

பெருமூச்சா, முனகலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "உருவாகலைன்னாங்க. நான் என்னத்தப் பெத்தேன்னு... உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது, எனக்கு மட்டுந்தான்... நான் எதையோ கோரமாப் பெத்துட்டேன்னு பதிமூணு வருசமா, அக்கா, பதிமூணு வருசமா நெனச்சுட்டு இருந்தனுங்க்கா. எங்கத்தை சாகற வரைக்கும் வாயத் தொறக்கல. அவுங்க பெரியவங்க, அவுங்களுக்கு அவ்வளவுதான் தெரியும். நீங்க தெனமும் என்ற முன்னால நின்னு துணி பாத்தீங்களே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்லியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன் பூங்கொடி. என்னோட பயத்துக்காகப் பண்ணுனேன். மன்னிச்சுக்க." அவள் மாமியார் மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. அவர் ஒரு தரம் சொன்னார், நான் ஆறு வருடம் அவள் முன்னால் நின்றே மறைத்தேன். "என்ற கையாலதான் சட்டை போட்டு உட்டேன். நான் தள்ளி வெச்சிருந்த மஞ்சச் சட்டை."

"வெச்சர்றனுங்க" என்றாள். 'அக்கா' என்று சொல்லவில்லை. போன் கட்டாகிவிட்டது.

சமையலறை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். செந்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இனியா வந்து என்ன ஆச்சு என்று ஜெர்மனில் கேட்டாள். உட்காரச் சொல்லி, ஊரில் பூங்கொடி என்று ஒரு அத்தை இருக்கிறாள் என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். ஊரில் யாருக்கும் இப்படி ஆனதில்லை என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். "அந்தப் பாப்பா பேரென்ன?" என்றாள். தெரியாது என்றேன். யாரும் வைக்கவில்லை என்றேன்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். போன் அடித்தது. பூங்கொடி. எடுத்தேன். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"அக்கா, அந்த மஞ்சக் கலருக்குப் பூரா நாந்தானுங்க கை ஏத்துனேன்."

"தெரியும்."

"அளவு சரியா இருந்துச்சுங்களா?"

பிரிகிட்டே சொன்னார் அல்லவா, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று.

"கை மட்டும் கொஞ்சம் நீளம், பூங்கொடி. ரெண்டு மடிப்பு மடிச்சு உட்டேன். வெரல் வெளிய தெரிஞ்சுது."